(தி) என்றால் தீ அல்ல

போன சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எனக்கு ஒரு போஸ்ட்கார்டு வந்தது.

வாசகர்கள் கார்டு போடுவது புதிதில்லை. ஆனால் ஒரு கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டைப் பித்தான்கூடப் போடாமல், தென்காசித் தெருவில் நான் ஓடியது அன்றைக்குத்தான். கார்டு இதுதான் —

“தென்காசி அண்ணாச்சி அவர்களுக்கு, குற்றாலம் விளக்குக் கடை செண்பகத்தம்மாள் நமஸ்காரம். என் கேள்விக்காக ஒரு வாரப் பத்தி முழுக்க எழுதியதில் ரொம்ப சந்தோஷம். தாங்கள் போட்டிருக்கிற கணக்குப்படியே, ஈரம் பட்ட கார்பைட் கல்லை டின்னோடு அடுப்பில் ஏற்றி, தீ மூட்டி, உலர்த்தி எடுக்க உத்தேசித்திருக்கிறேன். சனிக்கிழமை ராகு காலம் கழித்து பத்தரை மணிக்கு ஆரம்பம். பலனைப் பிறகு எழுதுகிறேன்.”

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தீ மூட்டியா? நான் எப்போது தீ மூட்டச் சொன்னேன்? பாவம், வேறு யாரோ எழுதியதைப் படித்துவிட்டுக் குழம்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். எதற்கும் பார்த்துவிடலாமே என்று போன வார இதழைத் தேடி எடுத்தேன்.

எழுதுகிறவன் தன் எழுத்தை அச்சில் நாலு தடவை படிப்பான் என்றா நினைக்கிறீர்கள்? நான் பெயரை மட்டும்தான் பார்ப்பேன். பெயர் சரியாக இருந்தால் மடித்து அலமாரியில் வைத்துவிடுவேன். அன்றைக்குத்தான் உள்ளே பார்த்தேன். பக்கத்தின் நடுவில், பெரிய எழுத்தில், பளிச்சென்று இப்படி இருந்தது —

CaC₂ (தீ) + 2H₂O (ர) → Ca(OH)₂ (தீ) + C₂H₂ (வா)

நான் எழுத நினைத்தது (தி). அச்சில் இருந்தது (தீ). தலையில் ஒரு சுழி... அவ்வளவுதான் வித்தியாசம்.

சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

ஒரு சுழிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். கார்பைட் விளக்கு பார்த்திருப்பீர்களே? மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடிக் கல். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லில் விழுந்ததும் ஒரு வாயு கிளம்பும். அசிட்டிலின். பூண்டு வாசனை அடிக்கும். அது விளக்கின் மூக்கு வழியாக வந்து வெள்ளை வெளேரென்று எரியும். சாயந்தரம் குற்றாலத்துப் பலகாரக் கடைகளில் எரிகிறதே, அந்த விளக்குதான். செண்பகத்தம்மாள் நாற்பது விளக்கு வைத்து வாடகைக்கு விடுகிறவள்.

விளக்கில் இருப்பது ஒரு கைப்பிடிக் கல். டின்னில் இருப்பது முக்கால் டின் கல். அதுவும் ஈரம் பட்ட கல். உள்ளே ஏற்கெனவே வாயு கட்டிக்கொண்டு நிற்கும். அந்த டின்னைத் தூக்கி எரிகிற அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? அந்த வீட்டில் அடுப்பும் மிஞ்சாது, அம்மாளும் மிஞ்ச மாட்டாள்.

அதைச் செய்யச் சொல்லி அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். கீழே என் பெயர் வேறு, பிழையில்லாமல்!

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நாற்பது. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு மூன்று மைல். தந்தி கொடுக்கலாமா? சீசன் நேரத்தில் தந்தி ஆபீஸ் வரிசையில் நிற்பதற்குள் நான் நடந்தே போய்விடலாம். சைக்கிள்? எனக்கு விடத் தெரியாது. பஸ்ஸும் அப்போதுதான் போயிருந்தது. கோயில் வாசலில் மைதீனின் ஜட்கா ஒன்றுதான் நின்றது. ஏறி விழுந்தேன்.

“என்ன சார்வாள், அருவிக்கா? துண்டு, எண்ணெய் ஒண்ணையும் காணுமே?” என்றான் மைதீன்.

“குளிக்கப் போகலை மைதீன். ஓட்டு. ஒரு உயிர் போயிரும் போலிருக்கு.”

“யாருக்கு சார்வாள்? வீட்ல ஆருக்கும் சொகமில்லையா?”

“வீட்டில இல்லப்பா. ஒரு வாசகி.”

வாசகி என்றால் என்ன உறவு என்று அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே குதிரையைத் தட்டினான். “ஏலே, நட லே!”

குதிரை நடந்தது. ஓடவில்லை... நடந்தது. ஆடி மாசத்துச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? தலை நிறைய எண்ணெயை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க நடுரோட்டில் போகிறது. மணி அடித்தால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மேலே சாரல் பூவாய்த் தூவுகிறது. அவர்களுக்கு அது சந்தோஷம். எனக்கு ஒவ்வொரு தூறலும் அந்த டின்னுக்குள் விழுவதாகத் தோன்றியது.

ஜட்கா போய்ச் சேருவதற்குள், இந்த வினை எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாசம் செண்பகத்தம்மாள் ஒரு கார்டில் கேட்டிருந்தாள்: “சாரல் காற்று பட்டாலே கல் பூத்து மாவாகிவிடுகிறது. தண்ணீர் ஊற்றாமலே எப்படிச் சாகிறது?” நல்ல கேள்வி. என் வகுப்பில் ஒரு பையன்கூட இப்படிக் கேட்டதில்லை. உற்சாகம் தாங்காமல் ஒரு பத்தி முழுக்க எழுதிவிட்டேன். நடுவில் ஒரு சமன்பாடும் போட்டேன். வாத்தியார் புத்தி!

சமன்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சின்ன எழுத்துத்தான். H₂O என்று எழுதிவிடுகிறோம். எந்த H₂O? சோடாக் கடைப் பெட்டியில் மரத்தூளுக்குள் கிடக்கிற ஐஸும் H₂O. குடத்தில் இருக்கிற தண்ணீரும் H₂O. இட்லிப் பானையில் மூடியைத் தள்ளுகிற ஆவியும் H₂O. மூன்றும் ஒன்றா? ஒன்றைக் கடிக்கலாம், ஒன்றைக் குடிக்கலாம், மற்றது கையை வேகவைத்துவிடும். அதனால்தான் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஒரு எழுத்து எழுதுவது. இங்கிலீஷ் புத்தகத்தில் திடத்துக்கு எஸ், திரவத்துக்கு எல், வாயுவுக்கு ஜி. தண்ணீரில் கரைந்திருந்தால் ஏ க்யூ. ஜாடியில் இருக்கிற உப்பு எஸ். ரசத்தில் போட்ட உப்பு ஏ க்யூ.

இதைத் தமிழில் எப்படி எழுதுவது? திடத்துக்கு (தி). திரவத்துக்கு...? அதற்கும் (தி)! இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் திடத்துக்கு (தி), திரவத்துக்கு அதன் இரண்டாவது எழுத்தான (ர), வாயுவுக்கு (வா), கரைசலுக்கு (க) என்று முடிவு செய்தேன். பெரிய குழியைத் தாண்டிவிட்டோம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். பக்கத்திலேயே இன்னொரு குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது தெரியவில்லை.

இந்த எழுத்துக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று விளக்கி ஒரு பாரா எழுதியிருந்தேன். அதைக் காணோம். அந்த இடத்தில் ஒரு கூந்தல் தைலம் விளம்பரம் இருக்கிறது. ஆசிரியருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. ஆக, விளக்கம் போய்விட்டது. சுழி வந்துவிட்டது. சமன்பாடு மட்டும் அம்மணமாக நிற்கிறது.

அச்சுக் கோப்பவரை மனசுக்குள் நான் திட்டிய திட்டு இருக்கிறதே... அதை இங்கே எழுத முடியாது. எழுதினால் அவரே கோக்க வேண்டியிருக்கும்.

பாதி வழியில், மேலகரத்தில் குதிரை நின்றுவிட்டது.

“என்னப்பா?”

“தண்ணித் தொட்டி சார்வாள். இங்கன தண்ணி காட்டாம இது நகராது.”

“மைதீன், மணி பத்தே கால்!”

“அதுக்கு மணி தெரியுமா சார்வாள்? நீங்க ஏன் இப்பிடி வேர்த்து ஊத்துதீய? சாரல்ல எல்லாரும் குளிர்ல நடுங்குதாங்க...”

நான் இறங்கி நடந்துவிடலாமா என்று பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் புகுந்து போவதற்குக் குதிரையே மேல். குதிரை நிதானமாகக் குடித்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மறுபடியும் குடித்தது. அந்தத் தொட்டித் தண்ணீர் எப்போது தீரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ராகு காலத்தைக் கிண்டல் செய்து இதே பத்தியில் இரண்டு தடவை எழுதியவன் நான். அன்றைக்கு அந்தத் தொட்டிக்கரையில் நின்றுகொண்டு, “ஈசுவரா, ராகு காலம் இன்னும் ஒரு அரை மணி நேரம் நீளட்டும்” என்று வேண்டிக்கொண்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாளுக்கும் அடுப்புக்கும் நடுவில் அன்றைக்கு அது ஒன்றுதான் இருந்தது.

மேலகரம் தாண்டி ஒரு பர்லாங்கு போயிருப்போம். அப்போது கேட்டது.

டமார்!

மலையில் பட்டு இன்னொரு தடவை கேட்டது. நான் “போச்சு!” என்று கத்திவிட்டேன். ஜட்காவின் பக்கக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அந்த அம்மாள் முகம் எனக்குத் தெரியாது. பார்த்ததேயில்லை. ஆனாலும் கண்ணுக்குள் என்னென்னவோ தெரிந்தது. கூரை பறப்பது தெரிந்தது. நாளைக்குப் போலீஸ்காரர் வந்து, “இதை எழுதினது நீர்தானா?” என்று இதழை விரித்துக் காட்டுவதும் தெரிந்தது. அவ்வளவு பெரிய பயத்திலும் தன்னைப் பற்றி நினைக்க மனுஷனுக்கு இடம் இருக்கிறது, பார்த்தீர்களா? வெட்கமாக இருந்தது.

“சார்வாள்... சார்வாள்! கோயில்ல வேட்டுப் போடுதாங்க. சீசன்ல எப்பவும் போடுததுதான. கண்ணத் தொறங்க.”

“கோயில் வேட்டா? நிச்சயமாத் தெரியுமா?”

“எனக்கு வேட்டுச் சத்தம் தெரியாதா? அந்தா, இன்னொண்ணு.”

டமார். ஆமாம், கோயில் வேட்டுத்தான். ஆனால் முதல் சத்தம்? அதுவும் வேட்டுத்தானா? அவனை மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி நாற்பது நிமிஷம். விளக்குக் கடை பஜாரின் கடைசியில் இருக்கிறது என்று கார்டில் உள்ள விலாசம் சொன்னது. கடை சாத்தியிருந்தது. கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பக்கத்துச் சந்தில் நுழைந்தேன். நாலு அடி வைத்ததும் மூக்கில் ஏறியது.

பூண்டு வாசனை.

சமையல் பூண்டு இல்லை. எனக்குத் தெரிந்த வாசனை. ஓடினேன். சந்தின் முடிவில் ஒரு கொல்லை. ஓலைச் சாய்ப்புக்குக் கீழே மூன்று கல் அடுப்பு. அடுப்பின் மேல் டின். டின்னின் மூடி பாதி திறந்திருக்கிறது. அடுப்பின் முன்னால் நாற்பது நாற்பத்தைந்து வயதில் ஒரு அம்மாள் குனிந்து, ஊதுகுழலால் விறகை ஊதிக்கொண்டிருக்கிறாள். ஒரே புகை.

எனக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறக்கிறேன், காற்றுத்தான் வருகிறது. வகுப்பில் நாற்பது பையன்களை ஒரு அதட்டில் அடக்குகிற தொண்டை!

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த கார்டைப் பார்த்தாள். தன் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டு முகமெல்லாம் மலர்ந்தாள்.

“வாங்க அண்ணாச்சி! நேர்லயே வந்துட்டீயளா? உக்காருங்க.”

“அம்மா... தி... அது தி...” என்றேன்.

“தீதான அண்ணாச்சி? அதான் பத்த மாட்டேங்குது! வெறகெல்லாம் சாரல்ல நமுத்துப் போச்சு. இந்தா, இப்பப் பிடிச்சிரும்” என்று மறுபடியும் குனிந்து பலமாக ஊதினாள்.

“தீ இல்ல! தி! தி!”

“ஆமா அண்ணாச்சி, தீ இல்லதான். அதுக்குத்தான ஊதுதேன்!”

குறிலும் நெடிலும் தெரியாமல் ஒரு மனுஷன் சாகலாம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. விறகின் நுனியில் மஞ்சளாக ஒன்று எழுந்தது. பிடித்துக்கொண்டது! டின்னின் அடியை நக்கியது.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுப்புப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. பாய்ந்து போய் அதைத் தூக்கினேன். தீயை அணைக்க வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. வாளியைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கிவிட்டேன்.

என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

“அண்ணாச்சி! என்ன செய்யப் போறீய? தண்ணியக் கீழ வைங்க! கல்லு தொறந்து கெடக்கு!”

வாளி அப்படியே நின்றது. அதிலிருந்து கொஞ்சம் தளும்பி என் தலையில் விழுந்தது. டின்னில் விழவில்லை.

புரிகிறதல்லவா? திறந்த டின்னில் முக்கால் பாகம் கார்பைட். கீழே நெருப்பு. அதன் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப் போனேன். CaC₂ கூட்டல் H₂O... பதினாறு வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறவன். போன வாரம் அச்சிலேயே எழுதியவன். ஊற்றியிருந்தால் அந்த அம்மாளோடு நானும் சேர்ந்து போயிருப்பேன். பிறகு இந்தப் பத்தியும் உங்களுக்கு இல்லை.

அவள் என் கையிலிருந்து வாளியை வாங்கித் தூர வைத்தாள். எரிகிற விறகை உருவி மழையில் எறிந்தாள். மூலையில் குவித்திருந்த மணலை இரண்டு கையாலும் அள்ளி அடுப்பில் கொட்டினாள். நீளக் கம்பு ஒன்றை எடுத்து டின்னை நெம்பி இறக்கி, அந்தக் கம்பாலேயே சுவர் ஓரத்துக்குத் தள்ளினாள். எல்லாம் நான் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. நான் ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தேன்.

“இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. என்ன சங்கதி?”

சொன்னேன். (தி) என்றால் திடம், கட்டியாக இருப்பது. தீ இல்லை. அச்சில் தப்பாக வந்துவிட்டது. கல்லைச் சுடவே கூடாது.

அவள் சாய்ப்புக்குள் போய், நாலாய் மடித்த போன வாரப் பக்கத்தை எடுத்து வந்தாள். கத்தரித்து, ஓரத்தில் மாவுப் பசை தடவி, ஒரு அட்டையில் ஒட்டியிருந்தாள். சமன்பாட்டின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“தீ... கல்லுக்குத் தீ வைக்கணும்னு வச்சேன். இந்தா, முன்னால ரெண்டு, பின்னால ர. ர-ன்னா ரெண்டு. ரெண்டு பங்கு தண்ணி. அடுத்தாப்புல மறுபடியும் தீ, மிஞ்சின மாவையும் சுட்டுப்புடணும். கடைசியில வா. காஸ் வா-ன்னு வரும். எல்லாம் சரியாத்தான அண்ணாச்சி இருந்துது?”

சரியாகத்தான் இருந்தது. அதுதான் பயங்கரம். ஒரு எழுத்தைக்கூட அவள் விடவில்லை. என் வகுப்பில் இவ்வளவு கவனமாகப் படித்தவன் ஒருத்தனும் கிடையாது. கவனமாகப் படித்ததால்தான் சாகப் பார்த்தாள்.

“ஏம்மா, பதினஞ்சு வருஷமா இந்தக் கல்லைப் புழங்குறதா எழுதியிருந்தீங்களே. அடுப்பில் வைக்கலாமான்னு உங்களுக்குத் தோணலையா?”

“தோணாம? தீக்குச்சியக்கூட டின்னு பக்கத்துல கொண்டுபோனதில்ல. மனசு ஒப்பவேயில்ல. ரெண்டு நாளா சோறு எறங்கல. ஆனா நீங்க எழுதியிருக்கீயளே... அச்சுல வந்திருக்கே...”

“பயமா இல்லையா?”

“பயந்தான். அதான் கடையில வேல பாக்குத பிள்ளைகள மத்தியானத்துக்கு மேல வரச் சொல்லிட்டேன். நான் மட்டும்னா போனாப் போகுதுன்னு...”

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. டின்னைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் எதிரே உட்கார்ந்துவிட்டேன். ஆறுதல் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாவான கல்லை மறுபடியும் கல்லாக்க வழி உண்டா என்று கேட்டாள். கிடையாது என்றேன். சமன்பாட்டில் அம்பு ஒரு பக்கம்தான் பார்க்கிறது. சாரல் காற்றில் உள்ள ஈரம் கல்லைத் தின்றுவிட்டது. மிஞ்சியது சுண்ணாம்பு. சுவருக்கு அடிக்கலாம், விளக்குக்கு ஆகாது. மூடியை மெழுகு வைத்து அடைத்து வைப்பது ஒன்றுதான் வழி.

“மெழுகு வைக்கது எனக்கே தெரியும் அண்ணாச்சி. போன வருஷம் வச்சேன், நல்லாத்தான் இருந்துது. இந்த வருஷம் சோம்பேறித்தனம்” என்றாள்.

ஆக, என் பத்தியால் அவளுக்கு ஒரு புது விஷயமும் கிடைக்கவில்லை. தீயைத் தவிர.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள். மைதீன் குதிரையைத் திருப்பிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கேட்டாள். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரல்.

“அண்ணாச்சி... ரெண்டு வருஷமா நீங்க எழுதுனதெல்லாம் ஒட்டி வச்சிருக்கேன். அதுல பாதி செஞ்சும் பாத்திருக்கேன். அதுல எதெது அச்சுப் பிழை?”

ஜட்காவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். திரும்புகிற வழியெல்லாம் மைதீன் என்னவோ பேசினான். என்ன பேசினான் என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அச்சாபீசுக்கு ஒரு காரசாரமான கடிதம் எழுத உட்கார்ந்தேன். சாட்சிக்கு இருக்கட்டும் என்று என் கையெழுத்து நகலைத் தேடி எடுத்தேன். பார்த்தேன். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் கொண்டுபோயும் பார்த்தேன். எனக்குப் பேனாவைத் தூக்கும்போது ஒரு சொடுக்குக் கொடுக்கிற பழக்கம் உண்டு. என் (தி) ஒவ்வொன்றுக்கும் தலையில் அழகாக ஒரு சுழி இருக்கிறது. அச்சுக் கோத்தவர் பாவம், உள்ளதை உள்ளபடியே கோத்திருக்கிறார். ஜட்காவில் வைத்து அவரைத் திட்டியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அலமாரியில் மடித்து வைத்த இதழ்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்துப் படித்தேன். முதல் தடவையாக! ஒரு இடத்தில் ‘ஆறிய’ என்பது ‘ஆறாத’ என்று வந்திருக்கிறது. கொதிக்கக் கொதிக்கக் கஷாயத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு இடத்தில் ஒரு ‘கூடாது’ விழுந்தே போயிருக்கிறது. எது கூடாது என்பதைத் திரும்ப எழுதப் பயமாக இருக்கிறது. இங்கேயும் விழுந்துவிட்டால்? அந்த வாரங்களில் ஒருவர்கூட எனக்கு எழுதிக் கேட்கவில்லை. அப்போது அதை என் எழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு அச்சின் மேல் ஒரு பயம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கல்லை அடுப்பில் வை என்று சொன்னால், “உமக்கென்ன பைத்தியமா?” என்று கேட்போம். அதையே ஈய எழுத்தில் கோத்து, மை தடவி, காகிதத்தில் ஒற்றிக் கொடுத்தால் கேட்க மாட்டோம். பதினைந்து வருஷம் கல்லைத் தொட்ட கை வேண்டாம் என்று சொல்கிறது. அச்சில் ஒரு சுழி, ‘வை’ என்று சொல்கிறது. கை தோற்றுப்போகிறது. இது எழுதுகிறவனுக்குப் பெருமை என்று நான் போன வாரம் வரை நினைத்திருக்கலாம். இப்போது பேனாவை எடுத்தாலே விரல் கூசுகிறது.

ஆகவே, தயவுசெய்து போன வாரப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். கார்பைட் கல்லை நெருப்பில் காட்டாதீர்கள். ஈரக் கல் டின்னைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்காதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மணலைப் போடுங்கள். இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. செண்பகத்தம்மாள் சொன்னது. அதனால் நம்பலாம்.

அவள் கார்டு போட்டாள், நான் ஓடினேன். கார்டு போடாமலே என்னை நம்பி அடுப்பு மூட்டியவர்கள் உங்களில் எத்தனை பேர்? ஐந்து நாளாக இதுவே என் நினைப்பு. போஸ்ட்மேன் வந்தாலும் பயமாக இருக்கிறது. வராவிட்டாலும் பயமாக இருக்கிறது.

கல்லை அடுப்பில் ஏற்றியவர்கள் யாராவது இருந்தால், திட்டியாவது ஒரு வரி எழுதிப் போடுங்கள்... நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.